தேனடுக்குப் பந்தயம்

பெயிண்டருக்கு வாய் மட்டும் கொஞ்சம் நீளம். மற்றபடி மனிதர் சொக்கத் தங்கம். அந்த வாய் மட்டும் இல்லாதிருந்தால், ஒரு விடுமுறை நாள் காலையில் மனைவியின் பூப்போட்ட ஏப்ரனை இடுப்பில் கட்டிக்கொண்டு அவர் சமையலறையில் நின்றிருக்க மாட்டார்.

நடந்தது இதுதான். முந்தின நாள் மேஸ்திரி போன் செய்திருந்தார். ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கு வெளிப்பூச்சு அடிக்கிற வேலை கிடைத்திருக்கிறது, சாரமும் ஏணியும் இறங்கிவிட்டன. "கை சரியாயிடுச்சுன்னா வந்துடுப்பா. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஒரு வார்த்தை சொல்லு. இல்லன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன், கோச்சுக்காத" என்றார். போனை வைத்த கையோடு பெயிண்டர் அலமாரி மேலிருந்த பிரஷ் பையை இறக்கித் தூசி தட்ட ஆரம்பித்துவிட்டார். வலது மணிக்கட்டு உடைந்து, உள்ளே ஒரு தகடு வைத்து, மாதக்கணக்கில் ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டு அவர் காத்திருந்தது இந்த ஒரு போனுக்குத்தான். டாக்டர்கூடச் சரி என்று சொல்லிவிட்டார். சொல்லாதது ஒரே ஒரு ஆள். அந்த ஆள் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு அந்தப் பை?"

"மேஸ்திரி கூப்பிட்டாரும்மா."

"ஏணி வேலையா?"

"பின்ன என்ன, தரையில உக்காந்து கோலமா போடப் போறேன்?"

மனைவி கையிலிருந்த சட்டையை மடிக்காமல் மடியில் போட்டாள். "வேணாங்க. வீட்டுக்குள்ள அடிக்கிற வேலை எவ்வளவோ வருது. அதைச் செய்யுங்க. உங்க கை இன்னும் நடுங்குது."

இதைத்தான் அவள் சொல்லியிருக்கக் கூடாது. பெயிண்டரை முட்டாள் என்று சொல்லலாம், சிரித்துக்கொள்வார். கை நடுங்குகிறது என்றால் விடமாட்டார்.

"யாருக்கு நடுங்குது? இந்தக் கையா? பட்டாம்பூச்சி சிறகுக்கு ரெண்டு கோட் அடிக்கச் சொல்லு, அடிக்கிறேன். முடியற வரைக்கும் அது ஆடாம உக்காந்திருந்துட்டு, கண்ணாடியில அழகு பாத்துட்டுப் பறந்து போகும்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான். அவர் மனைவிக்கு பேக்கரியில் வேலை. கண்ணாடிப் பெட்டிக்குள் தேன் மினுங்கச் சாய்சதுரத் துண்டுகளாக அடுக்கியிருப்பார்களே, தேனடுக்கு, அதைச் செய்கிறவள் அவள்தான். அதற்குரிய மாவுத் தாள், பின்னால் செய்தித்தாளைப் பிடித்தால் எழுத்துக் கூட்டிப் படித்துவிடலாம், அவ்வளவு மெல்லிசு. மூச்சு பலமாக விட்டால் பறக்கும், விரல் அழுந்தினால் கிழியும்.

"பட்டாம்பூச்சியெல்லாம் வேணாம்" என்றாள் அவள். "ஃப்ரிட்ஜ்ல ஒரு கட்டு தாள் இருக்கு. நாளைக்கு நீங்களே தேனடுக்கு போடுங்க. ஒரு தாள்கூடக் கிழியாம வெண்ணெய் தடவி முடிச்சீங்கன்னா நானே மேஸ்திரிக்குப் போன் பண்ணி நீங்க வர்றீங்கன்னு சொல்றேன். ஒண்ணு கிழிஞ்சாலும் சரி, ஏணிப் பேச்சே இந்த வீட்டுல எடுக்கக் கூடாது."

"பந்தயமா?"

"பந்தயம்தான்."

"அப்ப இப்பவே போன் பண்ணிடு, நாளைக்கு எதுக்கு அலைச்சல்" என்றார் பெயிண்டர். ஆழம் தெரியாமல் காலை விடுகிற ஆட்கள் எப்போதும் கொஞ்சம் சிரித்த முகமாகத்தான் விடுவார்கள்.

அவர் விழுந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று தெருவே ஆறுதல் சொன்னது. அடியும் சறுக்கவில்லை, ஏணியும் உடையவில்லை. ஒரு ஜன்னலுக்கு மேலே மூலையில் ஒரு சாண் இடம் பாக்கி இருந்தது. இறங்கி, ஏணியை நகர்த்தி, மறுபடி ஏறியிருக்க வேண்டும். ஒரு சாணுக்குப் போய் யார் இறங்குவது என்று ஒரு காலை ஏணியிலிருந்து எடுத்துவிட்டு உடம்பை நீட்டி எட்டினார். பிரஷ் எட்டியது, மூலையும் பூசியாகிவிட்டது. அதற்கு அப்புறம்தான் விழுந்தார். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தபோதும் மனைவியிடம், "மூலையை முடிச்சிட்டுத்தான் விழுந்தேன் தெரியுமா?" என்று பெருமையாகச் சொன்னார். அவர் தூங்கினதும் அவள் வராந்தாவுக்குப் போய் அழுதாள்.

காலையில் அவள் காய்கறி வாங்கக் கிளம்பும் முன் எல்லாவற்றையும் வாயாலேயே சொன்னாள். பாகை முதலிலேயே காய்ச்சி ஆற வைத்துவிட வேண்டும். பருப்பை நறுக்க வேண்டும், மாவாக்கிவிடக் கூடாது. தாள் கட்டின்மேல் எப்போதும் ஈரத்துணி கிடக்க வேண்டும். அடியில் பாதித் தாள், நடுவில் பருப்பு, மேலே மீதித் தாள். கிழிசலில்லாத தாள் மேல்தட்டுக்கு. அடுப்பில் வைக்கும் முன்பே துண்டு போட்டுவிட வேண்டும், வெந்தபின் கத்தி வைத்தால் நொறுங்கிவிடும்.

"சரி சரி. பூச்சு வேலையில எனக்கே பாடமா?" என்றார் பெயிண்டர்.

"டேய், நீதான் சாட்சி. அவர் என்ன செஞ்சாலும் நீ கை வைக்கக் கூடாது" என்று தன் தம்பியிடம் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனாள். தம்பிக்கு சலூன். அன்று கடைக்கு லீவு. அக்கா வீட்டில் தின்பண்டம் என்றால் சாட்சி என்ன, ஜாமீன் கொடுக்கவும் தயாராக வந்து நிற்பான். சமையலறை மேசைக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த ஒரே நாற்காலியில் வசதியாக உட்கார்ந்துகொண்டான்.

ஆரம்பம் அமர்க்களமாகத்தான் இருந்தது. சர்க்கரை, தண்ணீர், எலுமிச்சைச் சாறு கொதித்து, இறக்கும் நேரத்தில் தேன் ஊற்றிக் கலக்கிப் பாகை ஜன்னலோரம் ஆற வைத்தார். அக்ரூட்டையும் பாதாமையும் கத்தியால் நறுக்கினார். "மணல் வேணாம், சரளைதான் வேணும்" என்று சொல்லிக்கொண்டே ஒரே பருமனில் நறுக்கிப் பட்டைப் பொடி தூவிக் கலந்தார். வெண்ணெயை உருக்கி நுரையை வழித்து, தெளிந்ததை மட்டும் கிண்ணத்தில் ஊற்றினார். புதுசாக வாங்கியிருந்த பட்டை பிரஷை உள்ளங்கையில் தட்டி, உதிரும் முடியையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்.

"ஒரு முடி வேலையில ஒட்டுச்சுன்னா மொத்த சுவரும் போச்சு" என்றார்.

"எங்க கடையில முடி ஒட்டலைன்னாத்தான் மாமா வேலை போச்சு" என்றான் மச்சான்.

தட்டில் வெண்ணெய் தடவி முதல் தாளை விரித்தார். அந்தக் கை! ரெண்டு நுனியைப் பிடித்துத் தூக்கி, காற்றில் ஒரு நொடி நிறுத்தி, ஒரு சுருக்கமில்லாமல் இறக்கிவிட்டது. பிரஷ் ஓரத்திலிருந்து நடுவுக்கு வழுக்கிக்கொண்டு போனது. நடுக்கமா? எங்கே? மச்சான் வாய் பிளந்து பார்த்தான். பெயிண்டருக்குத் தலைகால் புரியவில்லை. அங்கேதான் அவருடைய தொழில் அவரைக் கவிழ்த்தது.

முதல் தாளைத் தடவிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"என்ன மாமா நிக்கறீங்க?"

"காயணும்டா. முத கோட் காயாம ரெண்டாவது கோட் அடிக்கிறவன் பெயிண்டரே இல்ல."

சொன்னதோடு விட்டாரா? சீக்கிரம் காயட்டும் என்று மின்விசிறியைப் போட்டார். தாள் கட்டின்மேல் கிடந்த ஈரத்துணியைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். "ஈரம் பூச்சுக்கு எமன். கொப்புளம் கொப்புளமா எந்திரிச்சுடும். உங்க அக்காவுக்கு இது தெரியாது, பாவம்" என்று துணியை எடுத்து அடுப்பு மேடையில் போட்டார். வெண்ணெய் பளபளப்பு மங்கி உறைந்ததும் அடுத்த தாள். மறுபடி கையைக் கட்டிக்கொண்டு நிற்பு. இப்படி அஞ்சாறு தாள் போனது. ஒன்றும் கிழியவில்லை. "நாளைக்கு ஆஸ்பத்திரி சுவத்துக்கு என்ன கலர்னு கேட்டு வைக்கணும்" என்றார்.

அதற்கடுத்த தாளைத் தூக்கினார். நுனி சருகாக நொறுங்கி விரலோடு வந்தது. திகைத்துப்போய் அதைக் கீழே வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். அது நடுவில் இரண்டாகப் பிளந்தது. மூன்றாவதை எடுக்கவே தேவையில்லாமல் விசிறிக் காற்று பாதியைக் கிளப்பிக் கொண்டுபோய் மச்சானின் தலையில் உட்கார வைத்தது.

பெயிண்டர் பிரஷைக் கீழே வைத்தார். பந்தயம் போனது, அது பெரிசில்லை. இனி வீட்டுக்குள் அடிக்கிற வேலைதான். அவர் பூசிய உயரமான சுவர்கள் நகரம் முழுக்க நிற்கும், அவர் கீழே நடந்து போவார். பூட்டின கடைக்கு முன்னால் நிற்கிற மாதிரி மேஸ்திரியின் சாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

மச்சான் தலையிலிருந்த துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். "ஏன் மாமா இடிஞ்சு போயிட்டீங்க? கிழிஞ்சதை நடுவுல வெச்சு மூடிடுங்க. அக்கா கண்ணு என்ன எக்ஸ்ரேயா? நான் ஒண்ணும் பாக்கல."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொல்றியா?"

"பூசணிக்காய் எங்க இருக்கு? இந்தத் தாளைப் பாத்தா ஊதுனாலே போயிடும் போலிருக்கு."

பெயிண்டர் சருகான நுனியை விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு மச்சானைக் கேட்டார்: "ஏண்டா, முடி வெட்டறதுக்கு முன்னாடி தண்ணி அடிக்கிறீங்களே, எதுக்கு?"

"காஞ்ச முடி கத்திரிக்கு அடங்காது, திமிரும். ஈரமா இருந்தாத்தான் சொன்ன பேச்சு கேக்கும்."

"அதைத்தான் உங்க அக்காவும் சொன்னா" என்று பெயிண்டர் தலையில் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார். மச்சான் தலையில் அல்ல, தன் தலையில்தான். விசிறியை நிறுத்தினார். துணியை நனைத்து, தண்ணீர் சொட்டாத அளவுக்கு முறுக்கிப் பிழிந்து கட்டின்மேல் போர்த்தினார். பந்தயம் தோற்றாலும் வேலையைப் பாதியில் போட்டுவிட்டுப் போகிற பழக்கம் அவருக்கு இல்லை. ஒரு சுவரைக்கூட அப்படி விட்டதில்லை.

பொறுத்திருந்து துணியை விலக்கினார். மேலே இருந்த நாலைந்து தாள் போனதுதான். அடியில் இருந்தவை இன்னும் மிருதுவாகவே இருந்தன. இப்போது அவர் காத்திருக்கவில்லை. தாள், வெண்ணெய், உடனே தாள், உடனே வெண்ணெய். ஈரத்துக்கு மேல் ஈரம். தன் தொழிலில் செய்யக் கூடாது என்று ஆயுசு முழுக்கச் சொன்னதை இங்கே சந்தோஷமாகச் செய்தார். பருப்பைப் பரப்பினார். நொறுங்கிய தாள்களை எறியாமல், துண்டு துண்டாகப் பொருத்தி, வெண்ணெய் தொட்டு ஒட்டி நடுவில் வைத்தார். சுவரில் விரிசலை அடைக்கிற அதே பொறுமை. இன்னும் கொஞ்சம் பருப்பு. அதன்மேல் முழுசான தாள்கள். கை தன் வேகத்துக்கு வந்துவிட்டது. பதறாத காரியம் சிதறாது என்று சும்மாவா சொன்னார்கள்!

கடைசித் தாள். இதுதான் மேல்தட்டு, எல்லார் கண்ணிலும் படுவது. பேக்கரியிலிருந்து வந்த தட்டு, மேசையை அடைத்துக்கொண்டு கிடந்தது. பெயிண்டர் தன் பக்கத்திலிருந்து தடவிக்கொண்டே போனார். சுவர்ப்பக்க மூலைக்கு வந்தபோது கை நின்றது. ஒரு சாண் பாக்கி.

மேசை விளிம்பில் வயிற்றை அழுத்திச் சாய்ந்தார். குதிகால் எழும்பியது. கால்விரல் நுனியில் நின்று கையை நீட்டினார். இன்னும் விரற்கடைதான்.

"எட்டிடுச்சு மாமா, இன்னும் கொஞ்சம்" என்றான் மச்சான்.

ஒரு கால் தரையை விட்டு எழும்பியது. அந்த நொடியில் உடம்பு அவரை முந்திக்கொண்டது. வயிற்றுக்குள் ஜில்லென்று ஒரு ஓட்டம், காதுக்குள் காற்று, வானம் பக்கவாட்டில் சாய்ந்தது, எல்லாம் அன்று ஏணியிலிருந்து விழுந்தபோது இருந்த மாதிரி அப்படியே. காலைக் கீழே வைத்தார். குதிகாலும் இறங்கியது. பிரஷைக் கிண்ணத்தின்மேல் வைத்தார்.

"எந்திரி."

"யாரு, நானா?"

"எந்திரிச்சு நாற்காலியை எடு. நான் அந்தப் பக்கம் வரணும்."

"இந்த ஒரு சாணுக்கா? நாற்காலியை எடுக்கணும்னா வெங்காயக் கூடையை எடுக்கணும், கூடையை எடுக்கணும்னா..."

"எல்லாத்தையும் எடுடா."

முணுமுணுத்துக்கொண்டே அவன் எடுத்தான். பெயிண்டர் மேசையைச் சுற்றி வந்து, சுவருக்கும் மேசைக்கும் நடுவில் ஒடுங்கி நின்று, அந்த மூலையை நிதானமாகத் தடவி முடித்தார். பின்வாசல் கதவுப் பக்கம் ஏதோ அரவம் கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கத்தியை எடுத்துச் சாய்வாகக் கோடு போட ஆரம்பித்திருந்தார்.

தட்டு அடுப்புக்குள் போனபின்தான் மனைவி பையோடு உள்ளே வந்தாள். குப்பைக் கூடையையும் பார்க்கவில்லை, தம்பியையும் கேட்கவில்லை. வெண்ணெயும் பருப்பும் வறுபடும் வாசனை வீடு நிறைய ஏறியது. மேல்தட்டு பொன்னிறமானதும் பெயிண்டர் தட்டை வெளியே எடுத்தார்.

"பாகு ஆறிடுச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஜில்லுன்னு இருக்கு."

"ஊத்துங்க."

சுடச்சுட இருந்த தட்டில் ஆறின பாகு விழுந்ததும் சுர்ர்ரென்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவள் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்து போனது. சாயங்காலம் வரைக்கும் யாரும் தொடக் கூடாது, பாகு ஊறட்டும் என்று தட்டை அலமாரி மேல் வைத்தாள். மச்சான் அதன் கீழேயே பாய் விரித்துப் படுத்துக்கொண்டான்.

பெயிண்டருக்குத்தான் பொழுது நகரவில்லை. போனைப் பார்ப்பார், அலமாரியைப் பார்ப்பார். பிரஷ் பையை மறுபடி கட்டி மேலே வைக்கலாமா என்று யோசிப்பார். தாள் கிழிந்ததைச் சொல்லாமல் இருந்தால் என்ன? அவள்தான் கேட்கவில்லையே. வாய் நீளமான மனிதருக்கு அன்றைக்கு அந்த ஒரு வாக்கியம் மட்டும் வாயிலிருந்து வெளியே வர மறுத்தது.

வெயில் தாழ்ந்ததும் அவள் ஒரு துண்டை எடுத்தாள். பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தாள். அடுக்கு அடுக்காக, ஒன்றோடொன்று ஒட்டாமல் தேன் குடித்து நின்றது. கடித்தாள். மொறுமொறுவென்ற சத்தம் அடுத்த அறைக்கும் கேட்டிருக்கும்.

"எப்படி இருக்கு?" பெயிண்டரும் ஒரு துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"கண்ணாடிப் பெட்டியில வைக்கலாம்" என்றாள். "நல்லா வந்திருக்குங்க."

"அக்கா, நான் சாட்சி. ஒரு தாள்கூட..." என்று மச்சான் ஆரம்பித்தான்.

"நீ சும்மா இருடா" என்றார் பெயிண்டர். "கிழிஞ்சதும்மா. ஒண்ணு இல்ல, நாலஞ்சு. விசிறியைப் போட்டுக் காயவிட்டேன், நீ சொன்ன ஈரத்துணியையும் எடுத்துட்டேன். கிழிசலெல்லாம் நடுவுல இருக்கு. பூசி மெழுகி உன்னை ஏமாத்திட்டு ஏணியில ஏறுனா எனக்கு அங்க கால் நிக்காது. நான் தோத்துட்டேன். மேஸ்திரிகிட்ட வரலைன்னு சொல்லிடறேன்."

சொல்லிவிட்டார். சொன்னதும் ஒரு பாரம் இறங்கியது, இன்னொன்று ஏறி உட்கார்ந்தது. போனைத் தேடினார். அது மேசையில் இல்லை. அவள் கையில் இருந்தது.

"நடுவுல தாள் கிழியறது எனக்கும்தான் கிழியும்" என்றாள் அவள். "பேக்கரியில தினம் கிழியுது. கிழியாம யாராலயும் போட முடியாது. உங்க கை நல்லா இருக்குன்னும் எனக்குத் தெரியும்."

"அப்புறம் எதுக்குடி பந்தயம்?"

"நீங்க தோக்கணும்னுதான்." ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். "நீங்க தோத்துட்டு வீட்டோட இருக்கணும்னுதான் வேணும்னே முடியாத பந்தயம் கட்டினேன். எனக்கு பயங்க. நீங்க கட்டுப் போட்டுப் படுத்திருந்தப்ப மூலையை முடிச்சிட்டேன்னு சொன்னீங்களே, அன்னைலேருந்து பயம். இவரு மறுபடியும் எட்டுவாரு, ஒரு சாணுக்காக மறுபடியும் எட்டுவாருன்னு."

ஒரு விழுங்கு தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள்:

"காலையில நான் பின்வாசல்ல நின்னுட்டிருந்தேன். ஒரு காலைத் தூக்கினீங்க. பை கையிலேருந்து நழுவிடுச்சு எனக்கு. அப்புறம் காலைக் கீழ வெச்சீங்க. இவனை எழுப்பி, நாற்காலியை எடுத்து, வெங்காயக் கூடையை எடுத்து, சுத்தி வந்தீங்க."

பெயிண்டர் அவளையே பார்த்தார். கண் கலங்கிவிட்டது. துடைக்கலாமென்றால் கையெல்லாம் தேன்.

அவள் மேஸ்திரியின் நம்பரை அழுத்திப் போனைக் காதில் வைத்தாள்.

"அண்ணே, நான்தான் பேசறேன். நாளைக்கு அவர் வர்றாரு. உயரமான இடமா இருந்தாலும் பரவாயில்ல, குடுங்க. ஏணியை அவரே இறங்கி நகர்த்திக்குவாரு."